டியெஸ்டோ ட்ரான்ஸை விட்டது துரோகமா, தொழில் தெரிந்த வேலையா?

கிக்டிரம்:

ஹார்ட்வெல் என்ற டிஜேயைப் பற்றிய இழையில் பேச்சு வழக்கம்போல டியெஸ்டோ பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த இழையைக் கெடுக்க வேண்டாம், இங்கே வைத்துக்கொள்வோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசை வகையைச் சொன்னதும் வாயில் வந்த பெயர் டச்சு டிஜே டியெஸ்டோ. இன்னொரு டச்சு டிஜே ஃபெர்ரி கோர்ஸ்டனோடு சேர்ந்து செய்த கௌரியெல்லா என்ற கூட்டணி, டெலிரியத்தின் 'சைலன்ஸ்' பாட்டுக்குச் செய்த ரீமிக்ஸ், 1999-ல் தொடங்கி ஏழு பாகம் வரை அவரே கோத்த 'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' தொகுப்புகள். 2002, 2003, 2004 என்று மூன்று வருடமும் டிஜே மேக் பத்திரிகையின் வாக்கெடுப்பில் முதலிடம். 2003-ல் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரத்து கெல்ரெடோம் ஸ்டேடியத்தில் தனி ஆளாக ஓர் இரவு முழுக்க வாசித்தார், கூட்டம் 25,000 பேர். வேறு டிஜே யாரும் துணைக்கு இல்லை.

அப்படிப்பட்டவர் 2009-ல் 'கலைடோஸ்கோப்' ஆல்பத்தோடு ட்ரான்ஸுக்குக் கும்பிடு போட்டார். அதோடு நின்றாரா? எலக்ட்ரோ ஹவுஸ், பிக் ரூம், பாப், டீப் ஹவுஸ் என்று எந்த வகை ஓடுகிறதோ அதன் பின்னால் ஓடினார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது வியாபாரிக்குச் சரி. கலைஞனுக்கு?

2013-க்குப் பிறகு வந்த எந்த டியெஸ்டோ பாட்டையும் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். இது அவருடையது என்று யாராவது அடித்துச் சொல்ல முடியுமா? அவருடைய பழைய 'சபர்பன் ட்ரெயின்' கொஞ்சம் ஓடவிட்டால் போதும், நான் சொல்லிவிடுவேன். மறுப்பவர்கள் வாருங்கள்.


பழையவைனில்:

வந்தேன்.

டியெஸ்டோ ட்ரான்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் எல்லோரும் துரோகம் என்கிறீர்கள். அவருடைய இயற்பெயர் டைஸ் வெர்வெஸ்ட், 1969-ல் பிரெடா நகரத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளில் அவர் வெளியிட்ட முதல் ரெக்கார்டுகளை எடுத்துப் பாருங்கள். ஹார்ட்கோர், அதன் டச்சு வகையான கேபர் எல்லாம் இருக்கும். 'டா ஜோக்கர்', 'டிஜே லிமிடெட்' என்று வேறு வேறு பெயர்களில் போட்டார். ட்ரான்ஸுக்கு அவர் பிற்பாடுதான் வந்தார். 'ஃபர்பிடன் பாரடைஸ்' தொகுப்புகள், அப்புறம் 1997-ல் ஆர்னி பிங்க்கோடு சேர்ந்து பிளாக் ஹோல் லேபிள். கேபரை விட்டுவிட்டு ட்ரான்ஸுக்கு வந்தபோது ஏன் யாரும் துரோகி என்று சொல்லவில்லை? வந்து சேர்ந்த இடம் நமக்குப் பிடித்த இடம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. அவர் ப்ரொட்யூசர் ஆவதற்கு முன்பு பிரெடாவில் 'ஸ்பாக்' என்ற சின்ன கிளப்பில் ரெசிடென்ட் டிஜே. வார இறுதிகளில் இரவு பத்திலிருந்து விடியற்காலை நான்கு வரை அவர் கையில்தான் நடன தளம். ரெசிடென்ட் வேலை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். கதவு திறக்கும்போது தளத்தில் ஈ காக்கை இருக்காது. அப்போதே பெரிய பாட்டைப் போட்டால் வீண். வந்தவர்கள் நின்று பேசுவதற்கு இடம் விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்ற வேண்டும். பாருக்குப் போகிற கூட்டம் எந்தப் பாட்டில் கலைந்தது, எந்தப் பாட்டில் திரும்பியது என்று கண்ணால் கணக்கு வைக்க வேண்டும். அடுத்த வாரமும் அதே முகங்கள்தான் வரும், அதனால் போன வாரம் எடுபட்டதையே மறுபடி அப்படியே போட முடியாது. 'என் பாணி இதுதான்' என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள் அங்கே ஒரு மாதம் தாங்கமாட்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் 2009-ல் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து நகர்ந்தார். அது அவருடைய பழைய பழக்கம்தான்.


சும்மாவாசகன்:

இந்த இசைக்கு நான் புதுசு, அடிக்க வராதீர்கள். ட்ரான்ஸுக்கும் ஹவுஸுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் டும் டும் என்று ஒரே மாதிரிதான் கேட்கிறது. மற்ற இழைகளிலும் 128, 138 என்று எண்ணை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். பத்து பிபிஎம்மில் என்ன குடி முழுகிப்போகிறது?


138விசுவாசி:

இதைப் படித்ததும் நெஞ்சு வலிக்கிறது.


ஸ்டூடியோஎலி:

விசுவாசி, சும்மா இருங்கள். நல்ல கேள்வி அது.

இரண்டிலும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக், அதாவது கனமான டிரம் ஒலி, விழுகிறது, நான்கு அடிக்கு ஒரு பார். அதுவரை ஒன்றுதான். பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. ஹவுஸ் பெரும்பாலும் 120-க்கும் 130-க்கும் நடுவில் ஓடும். 2000 வாக்கில் வந்த ட்ரான்ஸ் 135-ஐச் சுற்றி, 140 வரைகூடப் போகும். ஆனால் விஷயம் வேகத்தில் மட்டும் இல்லை, நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பதில் இருக்கிறது. ட்ரான்ஸ் பாட்டு ஏழு எட்டு நிமிடம் ஓடும். நடுவில் கிக் முழுசாக நின்றுவிடும். பேஸும் போய்விடும். வெறும் சின்தசைசர் கோர்டுகள், மேலே ஒரு மெலடி, ஃபில்டர் மெல்லத் திறந்துகொண்டே வரும். இதைத்தான் பிரேக்டவுன் என்கிறோம். 32 பார் நீளமுள்ள பிரேக்டவுன் 128 பிபிஎம்மில் சரியாக ஒரு நிமிடம். 138-ல் சுமார் 56 விநாடி. அவ்வளவு நேரம் ஆயிரக்கணக்கான பேரை ஆடாமல் நிறுத்திவைத்து, கையைத் தூக்கவைத்து, அப்புறம் கிக்கைத் திருப்பிக் கொடுப்பதுதான் ட்ரான்ஸின் முழு வித்தையும். 2012, 2013-ல் ஓடிய பிக் ரூமில் இந்தக் காத்திருப்பைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ வெட்டிவிட்டார்கள். ஏற்றம், டிராப் (கிக் திரும்ப விழும் இடம்), ஏற்றம், டிராப்.

பத்து பிபிஎம் ஏன் முக்கியம் என்பது டிஜேவின் கையில் தெரியும். டெக்னிக்ஸ் 1200 மார்க் 2 டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடர் எட்டு சதவீதம்தான் மேலேயும் கீழேயும் போகும். 138-ல் இருக்கிற ரெக்கார்டை 128-க்கு இறக்க வேண்டுமானால் ஏழேகால் சதவீதம் கீழே இழுக்க வேண்டும். ஸ்லைடர் கிட்டத்தட்ட அடியில் போய் முட்டும். வைனிலில் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும், இங்கே ஒரு செமிடோனுக்கு மேல் இறங்கிவிடும். பாடகியின் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல ஆகிவிடும். ஆகவே அந்தக் காலத்தில் ஒருவர் 138-லிருந்து 128-க்குப் போவதென்றால் பெட்டியிலுள்ள ரெக்கார்டுகளையே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே செட்டில் ஒட்டாது. இப்போது சிடிஜே என்ற டிஜிட்டல் பிளேயரில் மாஸ்டர் டெம்போ பட்டன் இருக்கிறது, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றலாம். அதற்கும் ஒரு விலை உண்டு, அதிகமாக இழுத்தால் ஒலி சொரசொரப்பாகும்.

ஆக டியெஸ்டோ 2009-ல் செய்தது ஒரு புது ஆல்பம் போட்டது மட்டும் இல்லை. சொந்தப் பழைய பாட்டுகளில் பாதியைத் தானே வாசிக்க முடியாத இடத்துக்குப் போனார். அதற்குத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம். கலைடோஸ்கோப் அத்தனை நல்ல ஆல்பம் இல்லை என்பது வேறு கதை. சிகுர் ரோஸ் குழுவின் யோன்சி பாடிய தலைப்புப் பாட்டு மட்டும் இன்றும் நிற்கிறது.


138விசுவாசி:

துணிச்சலாம். ஒரு பக்கம் கூட்டத்தைப் பார்த்து நகர்ந்தார் என்கிறீர்கள், இன்னொரு பக்கம் துணிச்சல் என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

நான் ஆர்மின் வான் ப்யூரனைக் காட்டுகிறேன். அதே நாடு, அதே தலைமுறை. லெய்டனில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். 2001-ல் 'எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்' வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கினார், வாரா வாரம், ஆயிரம் பாகம் தாண்டியும் நடக்கிறது. டிஜே மேக்கில் ஐந்து முறை முதலிடம். அவர் ஓடவில்லையே. ட்ரான்ஸில் இருந்துகொண்டே பிழைக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.


பழையவைனில்:

ஆர்மின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2013-ல் 'திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்' என்று வானொலிக்கென்றே செய்த பாப் பாட்டைப் போட்டதும் அதே ஆர்மின்தான். கிராமி பரிந்துரை வரை போனது அந்தப் பாட்டு. அவர் செய்தால் பரிசோதனை, இவர் செய்தால் துரோகமா?

அவரால் தங்க முடிந்ததற்குக் காரணம், அவர் ஒரு வீட்டைக் கட்டிவைத்திருந்தார். வாராந்திர வானொலி, அதற்கென ஒரு கேட்போர் கூட்டம், அந்தப் பெயரிலேயே பெரிய நிகழ்ச்சிகள், 2003-லிருந்து அர்மாடா லேபிள். ட்ரான்ஸ் அவருக்கு நிறுவனம். அதை விட்டு அவர் போனால் கூரையே இடிந்து விழும். டியெஸ்டோ 2009 வாக்கில் பிளாக் ஹோலை விட்டு வெளியே வந்து மியூசிக்கல் ஃப்ரீடம் என்று புது லேபிள் தொடங்கினார். கையில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய கட்டடம் எதுவும் இல்லை. கிளம்ப முடிந்தது.


கிக்டிரம்:

சரி, அப்போ பணத்தைப் பேசுவோம். பாணி மாறியதெல்லாம் லாஸ் வேகாஸ் பணத்துக்காக இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.


ஸ்டூடியோஎலி:

யாரும் சொல்லவில்லை. பணமும்தான்.

டிஜேவுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரெக்கார்டு விற்பனை இணையம் வந்த பிறகு சரிந்தது எல்லோருக்கும் தெரியும். நடன இசையில் அது எப்போதுமே சின்னக் காசுதான். பெரிய தொகை வாசிக்கும் இரவுக்குக் கிடைக்கும் சம்பளம். பாட்டு என்பது அந்தச் சம்பளத்தை உயர்த்துகிற விசிட்டிங் கார்டு. ஒரு பாட்டு வானொலியில் ஓடினால் அடுத்த பருவத்தில் புக்கிங் ஏஜெண்ட் கேட்கிற தொகை மாறிவிடும். கூடவே இசையமைப்பு உரிமைத் தொகை வரும், ஆனால் அதை எழுதியவர்கள் அத்தனை பேரும் பங்கிட வேண்டும்.

இந்தக் கணக்கில் 2010 வாக்கில் அமெரிக்கா புகுந்தது. அதுவரை இந்த இசைக்கு அங்கே பெரிய சந்தை இல்லை. வேகாஸ் ஹோட்டல்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: கூட்டம் டிஜே பெயருக்காக வருகிறது, வந்தவர்கள் மேஜைக்கு மது வாங்குகிறார்கள். டிஜேவுக்குக் கொடுக்கிற தொகையை மேஜைக் கணக்கில் எடுத்துவிடலாம். டியெஸ்டோ 2011-ல் ஹார்ட் ராக் ஹோட்டலில் வாசித்தார், 2013-ல் எம்ஜிஎம் கிராண்டில் ஹக்கசான் திறந்தபோது அங்கே ரெசிடென்ட். ஃபோர்ப்ஸ் 2012-ல் டிஜே வருமானப் பட்டியல் போட்டபோது முதலிடம் அவருக்கு, 2 கோடியே 20 லட்சம் டாலர். அடுத்த வருடம் 3 கோடியே 20 லட்சம். ஆனால் அந்த வருடம் கால்வின் ஹாரிஸ் 4 கோடியே 60 லட்சத்தோடு தாண்டிப் போய்விட்டார்.

கவனியுங்கள், ஹாரிஸ் தாண்டியது டிஜே திறமையால் இல்லை, பாப் பாட்டுகளால். அவர் எழுதியதை ரிஹானா பாடினார். டியெஸ்டோவின் 'ரெட் லைட்ஸ்' பாட்டு ஏன் அந்த வருடக் கடைசியில் அப்படி ஒலித்தது என்று கேட்டால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.


கிக்டிரம்:

ஆக நான் சொன்னது சரி என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி எலியாரே.


மிக்ஸர்மணி:

தாமதமாக வருகிறேன். யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். 2013-க்குப் பிறகு அவர் பாட்டை அடையாளம் காண முடியாது என்கிறீர்கள். அதற்கு முன்பு அடையாளம் கண்டது யாருடைய ஒலி? அந்தக் காலத்துப் பாட்டுகளில் டென்னிஸ் வாகோப் ரெய்ஜெர்ஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். ஸ்டூடியோவில் கூட உட்கார்ந்து செய்தவர். கிக்டிரம் 'டியெஸ்டோ ஒலி' என்று கொண்டாடுவதில் பாதி அவருடையதாக இருக்கலாம். கோஸ்ட் ப்ரொடக்‌ஷன் என்றால் சிலருக்குக் கோபம் வரும், தெரிந்தே கேட்கிறேன்.


ஸ்டூடியோஎலி:

மணி அண்ணே, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். கோஸ்ட் ப்ரொட்யூசர் என்றால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பாட்டை முழுசாகக் கைமாற்றுகிறவர். உறையில் பெயர் வராது, பிற்பாடு பங்கும் வராது, வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தமும் இருக்கும். ரெய்ஜெர்ஸின் பெயர் பாட்டு எழுதியவர்கள் வரிசையில் பகிரங்கமாக அச்சில் இருக்கிறது. அது கூட்டு வேலை. நீங்கள் பெயர் தெரிந்துகொண்டதே உறையைப் பார்த்துத்தானே?

ஒரு சராசரிப் பெரிய டிஜேவின் வாரத்தை நினைத்துப் பாருங்கள். வியாழன் ஒரு ஊர், வெள்ளி ஒரு நாடு, சனி இன்னொரு கண்டம். கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மிதிக்காமல் பிரிப்பது ஒரு நாள் வேலை: கிக்கின் அடி எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்த்து, பேஸில் அந்த இடத்தைக் குறைத்து, கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு கணம் பதுங்கும்படி சைட்செயின் போட்டு, அதை நல்ல ஸ்டூடியோ ஸ்பீக்கரில், ஓய்வெடுத்த காதோடு கேட்க வேண்டும். விமானத்தில் ஹெட்ஃபோனில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. முடிவு பெரும்பாலும் கிளப் ஸ்பீக்கரில் பல்லிளிக்கும். அதனால் ஸ்டூடியோவில் நிலையாக உட்காரும் ஒருவர் வேண்டும். மெலடியும் தீர்ப்பும் யாருடையது என்பதுதான் கேள்வி. வெளியில் இருக்கிற நமக்கு அது தெரிய வழியில்லை, ஊகிக்காமல் விடுவது நல்லது.

தீர்ப்பு என்று சொன்னதால் ஒன்று. 2013 கடைசியில் டியெஸ்டோவின் லேபிளில் 'கெக்கோ' என்று ஒரு பாட்டு வந்தது. செய்தவர் ஆலிவர் ஹெல்டன்ஸ், அப்போது வயது 18. எல்லோரும் பிக் ரூமில் கத்திக்கொண்டிருந்த நேரம், இது வெறும் ஒரு வளைகிற பேஸ் வரிதான். பின்னால் வந்த ஃபியூச்சர் ஹவுஸ் அலைக்கு அது ஒரு தொடக்கம். அதற்கு முன்பு ஹார்ட்வெல்லையும் இப்படித்தான் இழுத்துக்கொண்டார், அவரும் பிரெடாக்காரர். 2011-ல் இருவரும் சேர்ந்து போட்ட 'ஸீரோ 76' என்ற பெயர் அந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு. சொந்தமாகச் செய்கிற பாட்டில் சறுக்கினாலும் மற்றவர்கள் பாட்டைக் கேட்டு எது எடுபடும் என்று கண்டுபிடிக்கிற காது அவருக்கு மங்கவே இல்லை. ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர், மறக்க வேண்டாம்.


மிக்ஸர்மணி:

சரி, கோஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' மட்டும் தனி சாதனை, அதை யாரும் மறுக்க முடியாது. செவ்வியல் இசையை நடன தளத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர்தானே.


138விசுவாசி:

இல்லை! இதற்காகத்தான் காத்திருந்தேன். சாமுவேல் பார்பர் 1936-ல் ஒரு நால்வர் தந்திக் குழுவுக்கு எழுதியதிலிருந்து வந்தது அது, 1938-ல் டோஸ்கனினி பெரிய குழுவோடு அரங்கேற்றினார். அதை மின்னணு இசையில் வில்லியம் ஆர்பிட் செய்து, 1999-ல் ஃபெர்ரி கோர்ஸ்டன் ரீமிக்ஸோடு பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது. டியெஸ்டோவின் வடிவம் 2004 'ஜஸ்ட் பி' ஆல்பத்தில்தான் வருகிறது. தனிப் பாட்டாக 2005. கோர்ஸ்டன் செய்ததில் மென்மை இருக்கும். டியெஸ்டோவினுடையது ஸ்டேடியத்துக்கென்று செய்த சுத்தியல்.


பழையவைனில்:

சுத்தியல் வேண்டிய இடம் அது. கெல்ரெடோம் கூரைக்குக் கீழே மென்மை போய்ச் சேராது.

அந்த வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2004 ஆகஸ்ட் 13, ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நாடு நாடாக வீரர்கள் நடந்து வரும் அணிவகுப்பு முழுவதற்கும் டியெஸ்டோ நேரடியாக வாசித்தார். ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு டிஜே வாசித்தது அதுதான் முதல் தடவை. ஒன்றரை மணிநேரம் போல. டிஜே வேலை என்று பார்த்தால் இது மிகக் கஷ்டமான செட். கூட்டம் ஆட வரவில்லை, அணிவகுப்பு எப்போது முடியும் என்று யாருக்கும் உறுதியில்லை. கைதட்டல் இசைக்கு இல்லை, உள்ளே வருகிற கொடிக்கு. ஒரு நாட்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள், அடுத்த நாட்டுக்கு நாலைந்து பேர், இரண்டுக்கும் ஒரே கம்பீரம் இருக்க வேண்டும். எந்த இடத்தில் பிரேக்டவுன் விழும் என்று திட்டமிடவே முடியாது, யாரோ ஒரு சின்ன நாட்டின் கொடி அந்த மௌனத்தில் மாட்டிக்கொள்ளும். டச்சு அணி டிஜே மேடைக்கு முன்னால் வந்ததும் நின்று ஆடத் தொடங்கிவிட்டது, நகர்த்த வேண்டியிருந்தது.

அதே வருடம் ஆரஞ்ச்-நாசோ விருது, நாட்டின் அரச கௌரவம். இதற்கு மேல் ஒரு ட்ரான்ஸ் டிஜே எங்கே போவது? எனக்கு எப்போதும் தோன்றுவது இதுதான். 35 வயதில் அந்த வகையின் உச்சியில் ஏறி முடித்தாயிற்று. மிச்சம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது ஒன்றுதான்.


கிக்டிரம்:

இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்சியில் ஏறியவர் வேறு மலைக்குப் போகலாம், கீழே இறங்கிச் சந்தைக்குப் போனது ஏன்?


நெறியாளர்:

உவமை யுத்தம் போதும். டியெஸ்டோவின் குடும்பத்தைப் பற்றி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொழிலைப் பற்றி மட்டும் பேசுங்கள்.


ராத்திரிராணி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் 2013-லேயே நின்றுவிட்டீர்கள், அதற்குப் பிறகு அந்த மனிதர் பத்து வருடத்துக்கும் மேல் உழைத்திருக்கிறார்.

2015-ல் கிராமி கிடைத்தது. அதுவும் ஜான் லெஜெண்டின் 'ஆல் ஆஃப் மீ' காதல் பாட்டு ரீமிக்ஸுக்கு, ட்ரான்ஸுக்கு இல்லை. 2020-ல் 'தி பிசினஸ்'. அந்தப் பாட்டை நான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். 2 நிமிடம் 44 விநாடி. பழைய ட்ரான்ஸ் பாட்டில் அந்த நேரத்தில் இன்னும் மெலடியே வந்திருக்காது, டிஜே கலப்பதற்காக விட்ட வெறும் டிரம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. ஆகவே கேட்பவரை முதல் 30 விநாடிக்குள் பிடித்தாக வேண்டும். கலப்பதற்கான நீளப் பகுதியைத் தனி எக்ஸ்டெண்டட் மிக்ஸாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆள் ஏழு நிமிடப் பாட்டின் காலத்திலும் மூன்று நிமிடத்துக்குக் குறைந்த பாட்டின் காலத்திலும் முதல் வரிசையில் இருந்திருக்கிறார். அவரோடு 2000-ல் சுவரொட்டியில் இருந்த பெயர்களில் எத்தனை பேருக்கு அந்த இடம் கிடைத்தது?

கிளப்பில் ஆடுகிற பெண்ணாக ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் ட்ரான்ஸ் வாசித்ததே தெரியாது. அவர்களுக்கு அவர் 'தி பிசினஸ்' டிஜே. துரோகம் என்ற குற்றச்சாட்டை அவர்களிடம் சொன்னால் யாருக்கு என்று கேட்பார்கள்.


138விசுவாசி:

எங்களுக்கு அம்மணி, எங்களுக்கு.


ராத்திரிராணி:

உங்களுக்கு ஆர்மின் இருக்கிறாரே. 

2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே வாசிக்க டியெஸ்டோவைத்தான் அழைத்திருந்தார்கள், வேகாஸில். குடும்பத்தில் அவசரம் என்று சில நாள் முன்னால் விலகிவிட்டார், காஸ்கேட் என்ற டிஜே போய் வாசித்தார். 55 வயதில் அப்படி ஒரு மேடை வருகிறது, அதை வேண்டாம் என்று சொல்லவும் முடிகிறது. நெறியாளர் ஐயா, இது தொழில் பேச்சுதான், நீக்கிவிடாதீர்கள்.


மிக்ஸர்மணி:

காஸ்கேட் அன்றைக்கு நன்றாகவே செய்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கிக்டிரம்:

ராணி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முதல் வரிசையில் இருப்பது சாதனை, சரி. ஆனால் அங்கே இருப்பது எது? பெயர். பழைய செட்டைக் கேட்டால் அந்த மனிதர் எதை ரசிக்கிறார் என்று தெரியும், மூன்றாவது பாட்டிலேயே தெரிந்துவிடும். இப்போதைய செட்டைக் கேட்டால் நான் எதை ரசிப்பேன் என்று அவர் கணக்குப் போட்டது தெரிகிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ரசிக்கவும் செய்கிறேன், அதுதான் எரிச்சல்.


பழையவைனில்:

ஸ்பாக்கில் ஆறு மணிநேரம் நின்றவரும் அதே கணக்கைத்தான் போட்டார். நமக்கு அப்போது இளவயது, கணக்கு கண்ணில் படவில்லை.


சும்மாவாசகன்:

நான் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்புறம் சண்டை போடுங்களேன்.


ஸ்டூடியோஎலி:

'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' தொகுப்பில் முதல் சில பாகங்களில் எதையாவது எடுத்து நடுவில் நிறுத்தாமல் முழுக்கக் கேளுங்கள், ஒரு பாட்டு எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். அப்புறம் 'ஜஸ்ட் பி'. அப்புறம் நேராக 'தி பிசினஸ்'. நடுவில் உள்ளதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடாஜியோ இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கோர்ஸ்டன் முதலில்.


சும்மாவாசகன்:

அடாஜியோவை மட்டும் கேட்டேன், மற்றது இனிமேல். டியெஸ்டோவினுடையதுதான் பிடித்திருக்கிறது. கோர்ஸ்டன் கொஞ்சம் இழுக்கிறார்.


138விசுவாசி:

நெறியாளர் ஐயா, இந்தப் பதிவை நீக்க முடியுமா?